செங்கோட்டை மலைப்பாதையா, நீலகிரி மலை ரயிலா?

நெல்லைச் சீமையிலிருந்து பழைய மலை ரயில் பாதை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு வழி. மேற்கே செங்கோட்டை–புனலூர், இல்லையென்றால் ராத்திரி ரயிலில் கோவை போய், அங்கிருந்து மேட்டுப்பாளையம். இரண்டுமே மீட்டர் கேஜாக, அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம் விட்ட பாதைகளாகப் பிறந்தவை. ஆனால் மலையை ஏறிய விதம் வேறு.

1904இல் திறந்த செங்கோட்டைப் பாதை வளைந்து சுற்றி, மலையைக் குடைந்து, பள்ளத்துக்குக் கண் பாலம் கட்டி, சக்கரப் பிடிமானத்தை மட்டும் நம்பி ஏறியது. பாரம் கூடினால் பின்னால் இன்னொரு இன்ஜின் தள்ளும். 1899இல் குன்னூர் வரை வந்த நீலகிரிப் பாதையில் அது எடுபடாது. கல்லாறு தாண்டினால் சுமார் 12 அடிக்கு ஓரடி ஏற்றம், வெறும் சக்கரம் வழுக்கும். அதனால் இரு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வெட்டிய இரட்டைப் பட்டை பதித்தார்கள். ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்துக்கு நேரே மற்றதில் பள்ளம் வரும். எந்த நொடியிலும் ஒரு பல்லாவது இன்ஜினின் பற்சக்கரத்தைப் பிடித்திருக்கும்.

நீராவிதான் வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம், நீலகிரிதான். செங்கோட்டையில் மீட்டர் கேஜ் 2010இல் நின்றது, 2018இல் அகலப் பாதையாகத் திறந்தார்கள்.

நீலகிரியின் 'எக்ஸ்' வகை இன்ஜினில் நான்கு சிலிண்டர், அதாவது நீராவி பிஸ்டனைத் தள்ளும் உருளைகள். சமதளத்தில் உயர் அழுத்த ஜோடி மட்டும் வேலை செய்யும். பல்பாதை வந்ததும் அதிலிருந்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மேலேயுள்ள தாழ் அழுத்த ஜோடிக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுற்றும். நீராவி உண்டாக்க நிலக்கரியை எரிப்பதைவிட எண்ணெயை எரித்தால் பாய்லர் அழுத்தம் சீராக நிற்கும். ஏற்றத்தின் நடுவே அழுத்தம் விழுந்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். எண்ணெயிலும் தொல்லை உண்டு. எண்ணெயைத் தூவும் நீராவி குறைந்தால் கரும்புகை கக்கும். தீயைச் சட்டென்று அணைத்துக் குளிர்காற்று புகவிட்டால் பாய்லர் குழாய் முனைகள் சுருங்கி ஒழுகும்.

பலர் ஏமாறுவது டிக்கெட்டில். குன்னூர்–ஊட்டி வண்டிகளை இழுப்பது டீசல். நீராவி இன்ஜினுக்கு மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதியில்தான் இடம் பிடிக்க வேண்டும். காலை வண்டி 7.10க்கு. முன்பதிவு திறந்ததுமே போட்டுவிடுங்கள். ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். ஆகவே பாதை பார்க்க முதல் பெட்டி, இன்ஜின் சத்தம் கேட்கக் கடைசிப் பெட்டி. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். மண் சரிந்து வண்டி ரத்தாவது அந்த மாதங்களில் வாடிக்கை.

கட்டுமானம் பார்க்கிறவருக்கு என் ஓட்டு செங்கோட்டைக்கே. செலவும் குறைவு, குற்றாலச் சீசனோடு சேர்த்து ஒரே நாளில் முடியும். ராத்திரி கடக்கும் பாலருவி எக்ஸ்பிரஸ் இதற்கு உதவாது. பகலில் போகும் மதுரை–குருவாயூர் வண்டியைப் பிடியுங்கள். பகவதிபுரம் தாண்டினால் நீளச் சுரங்கம், ஆரியங்காவு, பிறகு இறக்கம். ஒரு குறை: கழுதுருட்டிப் பக்கத்து 13 கண் பாலத்தின் மேல் ரயிலில் போகும்போது பாலமே கண்ணுக்குத் தெரியாது. அதன் கருங்கல் தூண்களைப் பார்க்க, தென்காசியிலிருந்து புனலூர் ரோட்டில் போக வேண்டும். பாலம் ரோட்டோரத்திலேயே நிற்கிறது. அகலப் பாதைக்காகக் கான்கிரீட் போட்டு வலுப்படுத்திய இடங்களும் கீழிருந்துதான் தெரியும்.