கோடை பிசினஸ் முகாம்: சந்தை நாள் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த கையோடு என் மகளைக் கோவையில் நடந்த ஒரு தொழில்முனைவு, தலைமைப் பண்பு முகாமுக்கு அனுப்பினேன். ஒரு தனியார் நிறுவனம் நடத்தியது. ஆறு நாள், கல்லூரி ஹாஸ்டலில் தங்கல். கட்டணம் 15,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 17,700. திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறவள் நான். அதனால் பிள்ளை சந்தோஷமாக இருந்தாளா என்பதோடு விடாமல், தொழிலைப் பற்றி உருப்படியாக என்ன கற்றுக்கொண்டு வந்தாள் என்றும் துருவித் துருவிக் கேட்டேன்.

ஆறில் இரண்டு நாள் அருமை. இரண்டு நாள் பரவாயில்லை. மீதி இரண்டு நாளுக்குக் கொடுத்த காசு வீண்.

அருமையான பகுதி சந்தை நாள். ஐந்து ஐந்து பேராகக் குழு பிரித்து, குழுவுக்கு 2,000 ரூபாய் முதலீடாகக் கொடுத்து, சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சாயங்காலம் நாலு மணிக்குக் கடை போடச் சொன்னார்கள். அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். என் மகளின் குழு நன்னாரி சர்பத் போட்டது. டம்ளர் 25 ரூபாய். முதல் ஒரு மணி நேரம் ஈ ஓட்டினார்கள். அப்புறம் ஒரு பையன் மேசையைத் தூக்கிக்கொண்டு போய், குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறான். குழந்தைகள் வந்தால் பின்னாலேயே பெரியவர்களும் வருவார்கள் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. ஒன்பது மணிக்குக் கடையைக் கட்டும்போது 118 டம்ளர் போயிருந்தது.

அன்று ராத்திரி நடந்த கணக்கு வகுப்புக்குத்தான் நான் முழு மார்க் போடுவேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் ஒவ்வொரு குழுவோடும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார். மகள் எழுதிய தாளை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். நன்னாரி 640, எலுமிச்சம்பழம் 360, ஐஸ் 200, பேப்பர் கப் 180, சப்ஜா 90, தண்ணீர் கேன் 120. மொத்தச் செலவு 1,590. விற்பனை 2,950. லாபம் 1,360 என்று பிள்ளைகள் கோடு போட்டு முடித்துவிட்டார்கள். அவர் அந்தக் கோட்டுக்குக் கீழே எழுத ஆரம்பித்திருக்கிறார். ஒரு பையன் கைக்காசில் கொடுத்த ஆட்டோ வாடகை 340. மேசை, டிரம் வாடகை 250. அதை முகாம்காரர்கள் கொடுத்திருந்தார்கள் என்பதால் யாரும் எழுதவில்லை. காலிக் கப்பை எண்ணினால் 118 டம்ளர், வந்த பணமோ 2,850. யாரோ போனில் 'பணம் அனுப்பியாச்சு' என்று திரையைக் காட்டிவிட்டு நாலு டம்ளர் வாங்கிப் போயிருக்கிறார். கியூஆர் அட்டை நிறுவனத்தின் கணக்குக்கானது, பணம் விழுந்ததா என்று பிள்ளைகளால் பார்க்க முடியவில்லை. அதில் 100 போச்சு. ஆக லாபம் 670-க்கு இறங்கியது.

"சரி, உங்க கூலி எங்க கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் உழைப்புக்கும் விலை போடணுமா சார் என்று இவர்களுக்கு ஆச்சரியம். ஐந்து பேர், ஐந்து மணி நேரம், மணிக்கு 60 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும் 1,500. கடைசி வரியில் 830 ரூபாய் நஷ்டம்.

எங்கள் ஊரில் சின்ன யூனிட்காரர்கள் பலர் பவர் டேபிள் டெய்லருக்கு, சிங்கர் டெய்லருக்கு, செக்கிங்குக்கு, கைமடிக்கு என்று எல்லாருக்கும் கூலி எழுதுவார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கும் தங்களுக்கு எழுத மாட்டார்கள். பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று ரேட் பேசும்போது அதுதான் அடி வாங்குகிற இடம். வந்த அன்றே மகள் கேட்டாள், "அம்மா, உங்க சம்பளத்த நோட்டுல எழுதறீங்களா?" எழுதுகிறேன், எடுத்துக் காட்டினேன். பதினாறு வயதில் இந்தக் கேள்வி வந்ததற்கே நான் கட்டிய பணத்தில் பாதி சரியாகிவிட்டது.

இரண்டாவது நல்ல விஷயம், சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் கூட்டிப்போனது. 1999-இல் மதுரையில் தொடங்கிய திட்டம். இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேராக விற்கும் இடம். அடையாள அட்டை இருக்கிற விவசாயிதான் கடை போட முடியும். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூட, வெளிக் கடையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு என்ற கணக்கில் அதிகாரிகள் தினமும் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். ஆளுக்கு ஒரு காய் எடுத்துக்கொண்டு, பறிகூலி, வண்டி வாடகை போக விவசாயி கைக்கு எவ்வளவு நிற்கிறது என்று விசாரித்து வரச் சொன்னார்கள். என் மகளுக்கு வாய்த்தது தொண்டாமுத்தூர்க்காரர் ஒருவரின் பீர்க்கங்காய். "கட்டுப்படியாகுதுங்களா?" என்று கேட்டதற்கு, மழை பெய்து விலை ஏறும் நாளில் விற்கக் காய் இருக்காது, காய் நிறைய இருக்கும் நாளில் விலை இருக்காது என்று சொல்லியிருக்கிறார். தேவை, வரத்து பற்றி அதற்கு முந்தின நாள் காட்டிய ஸ்லைடு எதுவும் இவளுக்கு நினைவில்லை.

தலைமைப் பண்பு வகுப்புகளில் எனக்குத் திருப்தி இல்லை. மேடையில் ஒருவர் ஏறி, எழுந்து நில்லுங்கள், கை தட்டுங்கள், 'என்னால் முடியும்' என்று சத்தம் போடுங்கள் என்று அரை நாள் ஓட்டியிருக்கிறார். வந்த முதல் நாளே எல்லாருக்கும் சிஇஓ, சிஎஃப்ஓ என்று பட்டம் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். சர்பத் டிரம்மைக் கழுவுவது யார் என்ற பேச்சு வந்ததும் பட்டம் வாங்கிய ஒருவரும் நகரவில்லையாம். கழுவியது அந்த மேசையைத் தூக்கிப் போன பையன். அன்றைக்கு ராத்திரி அதைப் பற்றிப் பேச வைத்திருந்தால் ஒரு நல்ல தலைமை வகுப்பு நடந்திருக்கும். பேசவில்லை.

கடைசி நாள் பிட்ச் போட்டி, அதாவது தொழில் யோசனையை நடுவர்கள் முன் விளக்கும் போட்டி. பெற்றோர்களும் போயிருந்தோம். ட்ரோனில் டிபன் அனுப்பும் ஆப், மதிப்பு பத்துக் கோடி என்று அழகாக ஸ்லைடு போட்ட குழுவுக்குப் பரிசு. அதை எந்த வாடிக்கையாளரிடமும் யாரும் விசாரித்துப் பார்க்கவில்லை. நஷ்டக் கணக்கை ஒளிக்காமல் மேடையில் சொன்ன சர்பத் குழுவை நடுவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அது எனக்கு வருத்தம். இன்னொன்று, வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில். பல்லடம் பக்கத்திலிருந்து ஸ்பான்சரில் வந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. சந்தை நாளில் அதிகம் விற்றவர்கள் அவர்கள்தான். வியாபாரம் தமிழில் நடக்கிற ஊரில் வகுப்பும் தமிழில் நடக்கலாம்.

கடன் வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை. விற்றால் உடனே பணம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் சரக்குப் போன பிறகு பில்லுக்குப் பணம் வாங்குவதுதான் பாதி வேலை. குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால், சரக்கு வாங்கியவர் பணம் கொடுக்கும் ஆண்டு வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு), பில் தேதி, நினைவூட்டல் கடிதம், இவற்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

சான்றிதழை நம்பி அனுப்புகிறவர்களுக்கு: தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் சேர்ந்த 200-க்கான கட் ஆஃப்தான் பேசும், இந்தக் காகிதம் அங்கே எடுபடாது. இந்தூர் ஐஐஎம் மேலாண்மைக் கல்லூரியில் பிளஸ் டூ முடித்துச் சேரும் ஐந்தாண்டுப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு உண்டு. அங்கே சர்பத் கணக்கைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கலாம்.

ஹாஸ்டல் சுத்தம். பெண்கள் தளத்தில் வார்டன் ராத்திரி முழுக்க இருந்தார். போனை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி அரை மணி நேரம் மட்டும் கொடுத்தார்கள், நல்ல ஏற்பாடு. சாப்பாட்டில் காரம் அதிகம்.

அடுத்த மே மாதம் என் தங்கை தன் பையனை அனுப்பக் கேட்கிறாள். சந்தை நாளும் அந்த மேலாளரின் கணக்கு வகுப்பும் இருக்கிறதா என்று அட்டவணையை எழுத்தில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். இருந்தால் தாராளமாக அனுப்பலாம். வெறும் மேடைப் பேச்சும் பிட்ச் போட்டியும்தான் என்றால், அந்தப் பதினேழாயிரத்தில் பையனுக்கு ஒரு கோடை முழுக்கக் கடை போட முதல் கொடுக்கலாம்.