ஹகுபா பனிச்சறுக்குப் பயணம்: "எல்லா நிலையினருக்கும்" என்று விற்கப்படும் பேக்கேஜ் குறித்து ஓர் எச்சரிக்கை

ஜப்பானின் நாகானோ மாநிலத்தில் உள்ள ஹகுபாவுக்குக் கடந்த பிப்ரவரி மாதத் தொடர் விடுமுறையில் டோக்கியோவிலிருந்து நான்கு குடும்பங்களாகச் சென்றோம். "முதன்முறை சறுக்குபவர் முதல் கைதேர்ந்தவர் வரை அனைவருக்கும் ஏற்ற பேக்கேஜ்" என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் எங்களிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஒப்புக்கொண்டவற்றில் ஏறத்தாழ எதையுமே செய்யவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பதால், பெயரைவிட அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் பயன்படும். சறுக்குத்தள நிர்வாகத்தின் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. சொல்லப்போனால் அன்று எங்களுக்குக் கைகொடுத்தவர்கள் அவர்கள்தான்.

எங்கள் குழுவில் ஒருவர் கனடாவில் வேலை பார்த்த காலத்தில் விஸ்லரில் சறுக்கிப் பழகியவர். செங்குத்தான சரிவும் மரங்களுக்கு நடுவே மிதிபடாத புதுப்பனியும்தான் அவருக்கு வேண்டும். இருவர் நடுத்தர நிலையினர். பிள்ளைகள் உட்பட மற்ற எல்லோரும் சறுக்குப் பலகையைக் காலில் மாட்டியே பார்க்காதவர்கள். இத்தகைய கலப்புக் குழுவுக்கு ஹகுபா உண்மையிலேயே பொருத்தமான இடம். 1998 குளிர்கால ஒலிம்பிக்கின் டவுன்ஹில் போட்டி நடந்த ஹாப்போ-ஓனே, அகன்ற தொடக்கநிலைச் சரிவுக்குப் பெயர்பெற்ற ட்சுகாய்கே, ஆழமான பனியைத் தேடுபவர்கள் செல்லும் கோர்ட்டினா எனத் தனித்தனித் தளங்கள் பல ஒரே பள்ளத்தாக்கில் அமைந்துள்ளன. சறுக்குபவர்களைச் சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டுகளுக்கென எல்லாத் தளங்களிலும் செல்லுபடியாகும் பொது லிஃப்ட் பாஸும் தளங்களுக்கு இடையே ஓடும் பேருந்துகளும் உண்டு. அந்தப் பொதுப் பாஸ், நிலைவாரியாக மூன்று பயிற்சி வகுப்புகள், வாடகைப் பலகைகள், தங்குமிடம், நாகானோ நிலையத்திலிருந்து வண்டி ஆகிய அனைத்தும் சேர்த்துப் பெரியவர் ஒருவருக்கு 52,000 யென் என்றார்கள். பாதித் தொகையைக் கடனட்டையிலும், மீதியை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கிலும் செலுத்தச் சொன்னார்கள். யார் எந்த நிலையில் சறுக்குபவர் என்று கடைசிவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. தலைக்கணக்கையும் காலணி அளவையும் மட்டுமே கேட்டார்கள்.

நாகானோ நிலையத்தின் கிழக்கு வாயிலில் ஹகுபாவுக்குச் செல்லும் வழக்கமான பேருந்துகள் நின்றுகொண்டிருக்க, எங்களை அவற்றைத் தாண்டி அழைத்துப்போய், ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் காத்திருந்த வேன்களில் ஏற்றினார்கள். வேன்களில் இருந்தவை வெள்ளை எண் பலகைகள். ஜப்பானில் கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றும் வேனில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கானது. விடுதிகள் தங்கள் விருந்தினருக்கு இலவசமாக அனுப்பும் வண்டிகளும், டாக்ஸி நிறுவனங்களின் மேற்பார்வையில் 2024 முதல் அனுமதிக்கப்பட்ட சொந்த வண்டிச் சேவையும் இதற்கு விலக்கு. எங்களுடையது இரண்டிலும் சேராது. போலீசார் நிறுத்தினால் "நாங்கள் நண்பர்கள், பணம் ஏதும் கொடுக்கவில்லை" என்று சொல்லும்படி ஓட்டுநர் கேட்டுக்கொண்டார். விபத்து நேர்ந்தால் காப்பீடு உண்டா என்று நாங்கள் கேட்டதற்கு ரேடியோவின் ஒலியைக் கூட்டினாரே தவிர, பதில் சொல்லவில்லை.

சறுக்குப் பலகைகளையும் பூட்ஸ்களையும் கடையில் வைத்துக் கொடுக்கவில்லை. ஒரு வீட்டின் கீழ்த்தளக் கொட்டகையில் குவியலாகக் கிடந்தவற்றிலிருந்து காலணி அளவைப் பார்த்து எடுத்து நீட்டினார்கள். இதில் உள்ள ஆபத்து புதியவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், நாம் விழும்போது தானாகத் திறந்து காலை விடுவிக்க வேண்டும். திறக்காவிட்டால் நீண்ட பலகை திரும்பும் திசையில் முழங்காலும் முறுக்கிக்கொள்ளும். மிக எளிதில் திறந்துகொண்டாலோ, சறுக்கும்போதே பலகை கழன்றுவிடும். அது எவ்வளவு விசையில் திறக்க வேண்டும் என்பதை, சறுக்குபவரின் எடை, உயரம், வயது, திறன், பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம் ஆகியவற்றை வைத்து அட்டவணை பார்த்து முடிவு செய்து, முன்பகுதியிலும் பின்பகுதியிலும் உள்ள திருகுகளைத் திருப்பி அமைப்பார்கள். அமைத்த எண் திருகின் அருகிலேயே தெரியும்; எண் கூடக்கூடத் திறக்க அதிக விசை வேண்டும். ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள என் மகளின் பலகையில் அந்த எண் நாலரையில் நின்றது. விஸ்லர் நண்பர் அதைச் சுட்டிக்காட்டியபோது, கொட்டகையில் இருந்தவரிடம் அதைக் குறைப்பதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லை. பிள்ளைகளுக்கு மட்டுமாவது சரியானவை வேண்டும் என்று அடிவாரத்தில் இருந்த முறையான வாடகைக் கடைக்குப் போனோம். பிறர் கொடுத்த பலகையைத் தொட அவர்கள் மறுத்துவிட்டார்கள், அது நியாயமே. புதிதாக வாடகைக்கு எடுத்தபோது ஒவ்வொரு பிள்ளைக்கும் எடை, உயரம், வயது, அனுபவம் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, என் மகளுக்கு அந்த எண்ணை இரண்டை ஒட்டி அமைத்துத் தந்தார்கள். அதற்கான செலவு எங்களுடையது.

பயிற்சியில் நடந்தது இதைவிட மோசம். மூன்று வகுப்புகள் என்று சொன்ன இடத்தில் ஒரே ஒரு பயிற்சியாளர் வந்து நின்றார். எந்தப் பள்ளியின் சீருடையும் அவர் அணிந்திருக்கவில்லை, அடையாள அட்டையும் இல்லை. ஹாப்போ-ஓனேயின் அடிவாரத்தில், நகியாமா பகுதியில், முதன்முறை சறுக்குபவர்கள் நின்று பழகுவதற்கென்றே மென்மையான சரிவு இருக்கிறது. அதை விட்டுவிட்டு, "மேலே பனி நன்றாக இருக்கும்" என்று சொல்லி எங்கள் அனைவரையும் கோண்டோலாவில் (கம்பிவடத்தில் ஓடும் கூண்டு) ஏற்றி, 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள உசாகிடைராவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து சறுக்கி இறங்கும் பாதைகள் நிற்கவும் திரும்பவும் தெரிந்தவர்களுக்கானவை. பலகையை ஆப்பு வடிவில் விரித்து வேகத்தைக் குறைப்பது எப்படி என்று ஒருமுறை செய்து காட்டிவிட்டு அவர் கீழே நழுவிப் போனார். நடுத்தர நிலையில் இருந்த இருவரும் அவர் பின்னால் போக, மற்றவர்கள் மேலேயே நின்றுவிட்டோம். நண்பர் ஒருவரின் மனைவி துணிந்து புறப்பட்டு, வேகம் பிடித்து, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். கொட்டகையில் வாங்கிய அவருடைய பலகை கழலவே இல்லை. காலோடு சேர்ந்து முறுக்கிக்கொண்ட பலகையை அவரால் நகர்த்தவும் முடியவில்லை.

அந்த வழியாக வந்த தளத்தின் ரோந்து ஊழியர்கள்தான் பைண்டிங்கைக் கையால் விடுவித்து, புதியவர்கள் அனைவரையும் ஒவ்வொருவராகக் கோண்டோலா நிலையத்துக்கு அழைத்துப்போய், அதிலேயே கீழே அனுப்பிவைத்தார்கள். முழங்கால் வீங்கியிருந்தது, மருத்துவமனையில் தசைநார் பிசகு என்றார்கள், நல்லவேளையாக அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. எந்தப் பள்ளியைச் சேர்ந்தவர் என்று ரோந்து ஊழியர் கேட்டபோது, அந்தப் பயிற்சியாளரும் "இவர்கள் என் நண்பர்கள்" என்றுதான் சொன்னார். தளத்தின் அனுமதி பெறாமல் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிப்பதை அங்குள்ள பல தளங்கள் தடை செய்துள்ளன; சுற்றுலா விசாவில் வந்திருப்பவர் ஊதியத்துக்குக் கற்பிப்பது குடிவரவுச் சட்டத்துக்கே முரணானது. காலையில் ஓட்டுநர் சொன்ன அதே நண்பர் கதை ஏன் மலை மேலும் ஏறி வந்தது என்பது அப்போது எங்களுக்கு விளங்கியது.

பாஸ் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பொதுப் பாஸ் என்று கொடுத்தவை ஒரு தளத்துக்கான ஒருநாள் பாஸ்கள். மறுநாள் கோர்ட்டினாவுக்குப் பேருந்தில் போன விஸ்லர் நண்பருக்கு நுழைவு வாயில் திறக்கவில்லை. அங்கே தனியாகப் பணம் கட்டித்தான் உள்ளே போனார். தங்கிய வீட்டின் வாசலில் இருக்க வேண்டிய பதிவுச் சான்றும் இல்லை. வாடகை வீடுகளுக்கென 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி பதிவு செய்த வீடு என்றால், எம் என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணோடு ஓர் அறிவிப்பு வாசலில் ஒட்டப்பட்டிருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் "வானிலை காரணமாக மாற்றம் செய்யப்பட்டது" என்றார்கள். இரண்டு நாளும் வெயில் அடித்ததைப் படங்களோடு அனுப்பியதும் எங்கள் எண்களை முடக்கிவிட்டார்கள். விளம்பரத்தின் நகல், பாஸ்களின் படம், மருத்துவமனை ரசீது ஆகியவற்றைச் சேர்த்துக் கடனட்டை நிறுவனத்திடம் முறையிட்டதில், அட்டையில் செலுத்திய பாதி திரும்பக் கிடைத்தது. வங்கிக் கணக்குக்குப் போன பாதி இதுவரை வரவில்லை. ஜப்பானில் வசிப்பவர்கள் 188 என்ற எண்ணை அழைத்தால் அருகில் உள்ள நுகர்வோர் மையத்துக்கு இணைப்புக் கிடைக்கும். சுற்றுலாப் பயணிகளுக்கெனத் தேசிய நுகர்வோர் விவகார மையம் பல மொழிகளில் தனித் தொலைபேசிச் சேவையை நடத்துகிறது. எங்கள் புகார் அங்கே பதிவாகியுள்ளது.

போக்குவரத்தையும் தங்குமிடத்தையும் சேர்த்து விற்கும் நிறுவனம் ஜப்பானியப் பயண நிறுவனச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பு அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், தனிநபர் கணக்கைக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். என் கருத்தில், கலப்புக் குழுவாகச் செல்பவர்களுக்குப் பேக்கேஜே தேவையில்லை. நாகானோவிலிருந்து வழக்கமான பேருந்து, அடிவாரத்துக் கடையில் பலகை, தளத்தின் அனுமதி பெற்ற பள்ளியில் புதியவர்களுக்கு மட்டும் வகுப்பு, தேர்ந்தவர்களுக்கு மட்டும் பொதுப் பாஸ் என்று பிரித்து வாங்கினால் செலவும் குறைகிறது. முதல் நாள் முழுவதும் அடிவாரத்திலேயே இருக்கப்போகிறவருக்குப் பள்ளத்தாக்கு முழுவதற்குமான பாஸ் எதற்கு? ஆங்கிலத்தில் கற்பிக்கும் வகுப்புகள் புத்தாண்டு, சீனப் புத்தாண்டு வாரங்களில் வெகு முன்பாகவே நிரம்பிவிடும் என்பதால் அதை மட்டும் முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஜப்பானியச் சறுக்குத்தள வரைபடங்களில் பொதுவாகப் பச்சை தொடக்கநிலையையும் சிவப்பு நடுத்தர நிலையையும் கறுப்பு உயர்நிலையையும் குறிக்கும். பல வரைபடங்களில் சரிவின் அதிகபட்சக் கோணமும் பாகைக் கணக்கில் இருக்கும். உங்களுக்கு வகுப்பு விற்பவரிடம், முதல் நாள் புதியவர்களை எந்தப் பாதையில் நிறுத்திக் கற்பிப்பீர்கள் என்று அந்த வரைபடத்தை வைத்துக் கேளுங்கள்.

சென்ற வாரம் அதே படங்களும் அதே வாசகமும் கொண்ட விளம்பரம் வேறொரு பெயரில், இம்முறை ஹொக்கைடோவில் உள்ள நிசேகோ சறுக்குத்தளத்துக்கு என்று, எங்கள் பகுதித் தமிழர்களின் வாட்ஸாப் குழுவில் வந்தது. யாரோ ஒருவர் அதற்குள் முன்பணம் கட்டியிருந்தார். அட்டையில்தான் கட்டியிருக்கிறார் என்பதால், நிறுவனத்திடம் ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் அனுப்பி, அந்த நகலோடு இன்றே அட்டை நிறுவனத்தை அழைக்கும்படி சொல்லியிருக்கிறோம்.