முடக்குவாதம்: எந்த மரபணு மாற்றம் கனமானது?

உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தின் அபாயம் என்றால் முதலில் பேசப்படும் மரபணு எச்எல்ஏ-டிஆர்பி1, அப்புறம் பிடிபிஎன்22. இரண்டில் எடை அதிகம் முதலாவதற்குத்தான். அதன் புரதத்தில் 70 முதல் 74 வரையுள்ள அமினோ அமிலங்கள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அமைந்தால், சிட்ருலின் ஏறிய (அதாவது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாறிய) உடலின் சொந்தப் புரதத் துண்டுகளை அது இறுகப் பிடித்து, எதிர்ப்புச் சக்தியின் டி செல்களுக்குக் காட்டும். இந்த வகை உள்ளவர் புகைபிடித்தால் அபாயம் இன்னும் பல மடங்கு. மரபணுவை மாற்ற முடியாது, சிகரெட்டை விட முடியும். குடும்பத்தில் இந்த நோய் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பிடிபிஎன்22 தரும் புரதத்தில் 620ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் டிரிப்டோஃபேன் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்துவிடுகிறது. தாக்கம் மிதமானதுதான். ஐரோப்பியரிடம் பரவலாக உண்டு, கிழக்காசியரிடம் கிட்டத்தட்ட இல்லை. டைப் 1 நீரிழிவிலும் இதே மாற்றம் தலைகாட்டுகிறது. சரி, பரிசோதித்துப் பார்த்துவிடலாமா? அவசரம் வேண்டாம். இரண்டும் இருந்தும் நோயே வராதவர்கள் ஏராளம்.