மருந்தடிப்பதா, கொசுவலை கட்டுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் நாங்கள் குடிவந்த வீட்டில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆள் வந்து பூச்சி மருந்து அடிப்பது பழைய குடித்தனக்காரர் காலத்து ஏற்பாடு. முதல் வருடம் நாங்களும் அதைத் தொடர்ந்தோம். அப்புறம் நிறுத்திவிட்டு, சிலந்தி கடிக்காமலிருக்கக் கட்டில்களுக்குக் கொசுவலையும் கதவடிக்குப் பிரஷ் பட்டையும் வாங்கிப் போட்டேன். இரண்டு கோடை போய்விட்டது. யார் கேட்டாலும் வலைப் பக்கம்தான் பேசுவேன்.

மருந்தில் நல்லதே இல்லை என்று சொல்லவில்லை. கரப்பானும் எறும்பும் சட்டென்று குறையும். நமக்கு வேலையும் இல்லை.

சிக்கல் சிலந்தியின் காலில் இருக்கிறது. கரப்பான் தரையோடு தரையாக ஓடும். மீசையையும் காலையும் வாயில் விட்டுச் சுத்தம் செய்யும்போது மருந்து உள்ளே போய்விடும். சிலந்தியோ நீண்ட காலால் உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கும். நேரே மேலே பட்டால் சாகும்; காய்ந்த மருந்தின் மேல் நடந்தால் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. மருந்தடித்த ஒன்பதாம் நாள், படுக்கையறைத் திரைச்சீலையின் மடிப்பில் வெள்ளையாக ஒரு நூல் உறை. பென்சில் முனையால் விரித்தால் உள்ளே வைக்கோல் நிறத்தில், முகம் மட்டும் கறுத்த சாக் ஸ்பைடர். இது இரை பிடிக்க வலை பின்னாது. இரவில் சுவரிலும் படுக்கையிலும் அலையும். அதனால்தான் தூக்கத்தில் கடி வாங்குகிறோம். மருந்தடித்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அடுத்த தடவை கூடுதலா அடிச்சிடறோம்" என்றார்.

அடுத்த தடவை என்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. இங்கே மழையும் வெக்கையும் சேர்ந்தேதான் வரும். வெளிச்சுவரில் அடித்ததை மழை கழுவும், உள்ளே அடித்ததை நம் வீட்டு மாப்பே கழுவும். மறுபடி காசு, மறுபடி பாத்திரங்களை மூடி வைப்பது. பூச்சி மருந்தில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு ஆகாது என்பதால், அடிக்கும் நாளெல்லாம் எங்கள் பூனைக்குப் பக்கத்து வீட்டு ஆயாவிடம்தான் வாசம். வலைக்கு மாதம் ஒரு அலசல், கிழிந்தால் நாலு தையல். கட்டிலைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, வலையை மெத்தைக்கடியில் செருகி, போர்வை தரையைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கடி தடுப்பதில் இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. சாக் ஸ்பைடருக்கும், வயலின் ஸ்பைடர் என்ற இன்னொரு சிலந்திக்கும் இங்கே விஷமுறிவு மருந்து கிடையாது. புண்ணைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலந்தியைக் கண்ணால் பார்க்காமல் 'சிலந்திக்கடி' என்று சொல்லும் புண்களில் பல வெறும் கிருமித்தொற்று. சீழ் வைத்தால் டாக்டரிடம் போக வேண்டும். கறுப்பு பட்டன் ஸ்பைடர் வேறு கதை. வலி அக்குளுக்கோ தொடையிடுக்குக்கோ ஏறும், வியர்த்துக் கொட்டும், தசை இழுக்கும், வயிறு பலகையாக இறுகும். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதற்கு ஜோகன்னஸ்பர்க்கில் குதிரை ரத்தத்திலிருந்து மருந்து தயாராகிறது.

வலையால் ஆகாததும் இருக்கிறது. வாசல் பிளாஸ்டிக் நாற்காலிக்கடியிலும் குப்பைத்தொட்டிக் கைப்பிடியிலும் குடியிருக்கும் பிரவுன் பட்டன் ஸ்பைடரை வலை என்ன செய்யும்? வயிற்றுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் உடுக்கை போட்டது போல இருக்கும். இதன் கடி பெரும்பாலும் அந்த இடத்து வலியோடு போய்விடும். ஆயா செருப்பையும் கொடித்துணியையும் ரெண்டு தட்டுத் தட்டாமல் தொடவே மாட்டார். "உதறிட்டுப் போடு தம்பி" என்பது எனக்கும் தொற்றிக்கொண்டது.

தேனீக்கு இரண்டுமே உதவாது. கூரையில் கூடு வைத்தால் மருந்தடித்துக் கிளப்பக் கூடாது, தேனீ வளர்ப்பவரைக் கூப்பிட வேண்டும். கொட்டினால் கொடுக்கை நகத்தாலோ எதாலோ அந்தக் கணமே பிடுங்க வேண்டும். உதடு வீங்கி மூச்சு இறுகினால், கைவசம் இருக்கும் அட்ரினலின் ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸுக்கு 10177.

என் அனுபவம் இந்தக் கடலோரத்தோடு சரி. மெல்லிய இடுக்கியும் தடித்த வாலும் கொண்ட கொடிய தேள்கள் திரியும் வறண்ட வடக்கில் இருப்பவர்கள், வலையை மட்டும் நம்பாமல் அங்கத்தியவர்களையும் கேளுங்கள்.

போன ஞாயிறு நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றின் அடியில் முள்முள்ளாக மூன்று முட்டை உருண்டைகள். பழைய பிரஷ்ஷால் சுரண்டி சோப்புத் தண்ணீரில் போட்டேன். தாய் சிலந்தியைத்தான் இன்னும் காணோம்.