பான்சி விதை என்று கடுகை அனுப்பியவன்: 1,840 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிப்போனால் எல்லோரையும் போல நானும் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். விதை விற்கும் ஆட்கள் பிழைப்பதே அதை நம்பித்தான்.

நான் இருப்பது குன்னூரில். பான்சிப் பூவுக்கு ஏற்ற குளிர் இங்கே உண்டு, நர்சரிகளில் நாற்றாகவே கிடைக்கும். ஆனால் என்ன நிறம் இருக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். எனக்கு முகம் வரைந்தது போலக் கருந்திட்டு விழும் சுவிஸ் ஜெயன்ட் ரகம், நிறம் நிறமாகத் தனித்தனியே வேண்டும். விதைத்துப் பூக்க மூன்று மாதமாவது ஆகும். மே மாதத்தில் பூக்கட்டும் என்று ஜனவரியிலேயே தேடியபோது, படம் போட்டு விதை விற்கும் ஆன்லைன் பக்கம் ஒன்று கிடைத்தது.

அதை நடத்தும் ஆள் விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "அக்கா, உங்க ஊர்ல ராத்திரி எவ்வளவு குளிரும்? குழித்தட்டா, தொட்டியா? விதைச்சதும் இருட்டுல வைக்க இடம் இருக்கா?" என்றுதான் ஆரம்பித்தான். பான்சி விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும், சூடும் 18 முதல் 20 டிகிரி இருந்தால் நல்லது. இதைக் கேட்கத் தெரிந்தவன் வளர்த்துப் பார்த்தவன்தானே என்று யாருக்கும் தோன்றும். தட்டு நிறைய நாற்று நிற்கும் வீடியோவும் அனுப்பினான். நான்கு பாக்கெட், கூரியர் சேர்த்து 1,840 ரூபாய். பணம் முழுவதும் முன்னாலேயே கட்ட வேண்டும் என்றான். கட்டினேன்.

வந்த பாக்கெட்டில் இரண்டில் இளஞ்சிவப்புச் சாயம் பூசிய உருண்டை விதைகள். பான்சி விதை பழுப்பாக, வழவழவென்று, நீர்த்துளி போல நீண்டிருக்கும். உடனே கேட்டேன். "அது கோட்டிங் குடுத்த விதை அக்கா, நல்ல விதையெல்லாம் இப்படித்தான் வரும்" என்றான். கோட்டிங் கொடுத்த விதை நிஜமாகவே உண்டு. உண்மையைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு பொய் சொல்கிறவனை என்ன செய்வது?

விதைத்த மூன்றாம் நாளே பச்சை தெரிந்தது. பான்சிக்கு ஒரு வாரமாவது வேண்டும். விதையிலை நடுவில் பிளந்து இதய வடிவில் இருந்தது. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன், சுருக்கென்று கடுகுக் காரம்! மிச்ச விதையை ஈரத்துணியில் தேய்த்தேன். சாயம் துணிக்கு வந்துவிட்டது, உள்ளே நாம் தாளிக்கிற அதே கடுகு.

மற்ற இரண்டு பாக்கெட்டில் இருந்தது பான்சி விதைதான். ஆனால் ஒன்றுகூட முளைக்கவில்லை. தேதி ஸ்டிக்கரை நகத்தால் நெம்பினால் அடியில் இன்னொரு தேதி, மூன்று வருஷத்துக்கு முந்தையது. பான்சி விதை ஒரு வருஷம் தாண்டினாலே முளைப்புத்திறன் மளமளவென்று குறையும். செத்த விதைக்கும் சேர்த்துத்தான் 1,840 ரூபாய்.

போட்டோ அனுப்பினேன். முதலில் "கொஞ்சம் பொறுங்க அக்கா". அப்புறம் "தண்ணி அதிகமா விட்டிருப்பீங்க". அப்புறம் "உங்க ஊர் குளிர் தாங்கலை". குளிரைக் கேட்டுக்கேட்டு விற்றவன் சொல்கிற பேச்சா இது? ஸ்டிக்கர் படத்தை அனுப்பியதும் "கோடவுன்ல மாறியிருக்கும், பார்த்துச் சொல்றேன்" என்றான். அடுத்த நாள் பிளாக் செய்துவிட்டான்.

2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் முகவரி என்று ஒரு வரி கிடையாது, புகாரை யாரிடம் கொடுப்பது? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன். 1,840 ரூபாய் வருமோ வராதோ, இந்தப் பருவம் திரும்ப வராது.

விதை வாங்குவது பற்றி விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முளைப்புத்திறனைப் பரிசோதித்த தேதி பாக்கெட்டில் அச்சாகியிருக்கிறதா பாருங்கள், ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வேண்டாம். முகவரி இல்லாதவனுக்கு முன்பணம் வேண்டாம். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். அதே நாற்றுத் தட்டு வீடியோ நேற்று வேறு பெயரில் ஒரு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது, பான்சியோடு இப்போது பெட்டூனியாப் பூ விதையும் விற்கிறான். வாங்காதீர்கள்.