தேற்றமும் எலும்பும்: இரண்டு அறிவியல் நூல்கள்

சைமன் சிங் 1997இல் எழுதிய ‘ஃபெர்மாவின் கடைசித் தேற்றம்’, ஸ்டீவ் புருசாட்டி 2018இல் எழுதிய ‘டைனோசர்களின் எழுச்சியும் வீழ்ச்சியும்’ ஆகிய இரண்டு ஆங்கில நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது, இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்கத் தோன்றியது. ஒரு முடிவு உண்மை என்று எவ்வாறு தெரிந்தது என்பதை நூல் வாசகருக்குக் காட்டுகிறதா, அல்லது நிபுணர் சொல்லை நம்பிக்கொள்ளச் சொல்கிறதா?

நேர் முழு எண்களில், கன எண்கள் இரண்டின் கூட்டல் இன்னொரு கன எண்ணாக அமையாது, மூன்றுக்கு மேற்பட்ட எந்த அடுக்குக்கும் இதுவே உண்மை என்பதே ஃபெர்மாவின் தேற்றம். அதன் நிரூபணத்தைப் பற்றிய சிங்கின் நூல் இக்கேள்விக்குத் தொடக்கத்திலேயே விடை சொல்லிவிடுகிறது. சதுரங்கப் பலகையின் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டிவிட்டால் 62 கட்டங்கள் எஞ்சும். அவற்றை, இரண்டிரண்டு கட்டங்களை மறைக்கும் 31 டாமினோக்களால் முழுமையாக மூட முடியுமா என்று அவர் கேட்கிறார். எத்தனை விதமாக அடுக்கிப் பார்த்துத் தோற்றாலும் அது நிரூபணம் ஆகாது. வெட்டப்பட்ட மூலைகள் இரண்டும் ஒரே நிறத்தவை, ஒவ்வொரு டாமினோவோ ஒரு கருப்பையும் ஒரு வெள்ளையையும் மறைத்தாக வேண்டும் என்று கண்டுகொண்ட நொடியில், இனி அடுக்கிப் பார்க்கவே தேவையில்லை. நான்கடுக்கு எண்கள் (2×2×2×2 = 16 போன்றவை) மூன்றின் கூட்டல் இன்னொரு நான்கடுக்காக ஒருபோதும் அமையாது என்று கணிதமேதை ஆய்லர் கருதியதையும், 1988இல் கணிதவியலாளர் நோம் எல்கீஸ் அதற்கு எதிரான எண்களைக் கண்டெடுத்ததையும் அருகில் வைக்கும்போது, சோதனைக்கும் நிரூபணத்துக்கும் உள்ள தூரம் பள்ளிக் கணக்கு மட்டும் தெரிந்தவருக்கும் புரிந்துவிடுகிறது.

பிற்பகுதியில் இத்தெளிவு குறைகிறது. நிரூபணத்துக்கு அடிப்படையான நீள்வட்ட வளைவுகள், மாடுலர் வடிவங்கள் என்ற உயர்கணிதக் கருத்துகள் வரும் இடங்களில் ஆசிரியர் உவமைகளை நம்பி ஒதுங்கிக்கொள்கிறார். கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ் ஏழாண்டுகள் பெரும்பாலும் தனிமையில் உழைத்து, 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் ஃபெர்மாவின் தேற்றத்துக்கான நிரூபணத்தை அறிவித்து, பின்னர் அதில் பிழை வெளிப்பட, ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994 செப்டம்பரில் அதைச் சரிசெய்த கதை, கணிதம் விட்ட இடத்தை நிரப்புகிறது. வேறு வழியிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எனினும், மனிதரைப் பற்றி அறிந்த அளவுக்கு நிரூபணத்தைப் பற்றி அறியவில்லை என்ற குறை நெஞ்சில் நிற்கிறது.

புருசாட்டி தாமே களத்தில் இறங்கும் தொல்லுயிரியலாளர் என்பதால், போலந்தின் காலடித் தடங்களும் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக் கடற்கரையும் அவர் எழுத்தில் உயிர் பெறுகின்றன. நூலில் என்னை மிகவும் கவர்ந்தது, டைனோசர்கள் முதன்முதலில் தோன்றிய டிரையாசிக் காலத்தைப் பற்றிய வாதம். டைனோசர்கள் தம் மேன்மையால் உலகை வென்றன என்ற பழைய கருத்தைச் சோதிக்க, அவற்றையும் முதலைகளின் முன்னோர் கிளையையும் நூற்றுக்கணக்கான எலும்புக் கூறுகளைக் கொண்டு புள்ளியியல் முறையில் ஒப்பிட்டபோது, அக்காலத்தில் உடலமைப்பின் பன்மை முதலைக் கிளையிலேயே மிகுந்திருந்தது தெரியவந்தது. அக்கிளையின் பெரும்பகுதி ஏறத்தாழ 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவில் மறைந்ததால்தான் டைனோசர்களுக்கு வழி திறந்தது. கணித நூலை அப்போதுதான் மூடிவைத்திருந்த எனக்கு, எலும்பை எப்படி எண்ணாக மாற்றினார்கள், பன்மையை எப்படி அளந்தார்கள் என்பதைக் காட்டும் ஒரு வரைபடமாவது வேண்டும் என்றிருந்தது. ஆசிரியர் அதைச் சில பத்திகளில் கடந்துவிடுகிறார்.

இறுதி இயலில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய நாளை டி. ரெக்ஸ் எனப்படும் பெரிய ஊனுண்ணி டைனோசர்களின் கூட்டமொன்றின் கண் வழியாக அவர் வருணிப்பது திரைக்கதையாகவே நீள்கிறது. இத்தாலியின் குப்பியோவில் மெல்லிய களிமண் படலத்தில், பூமியின் மேற்பரப்பில் அரிதும் விண்கற்களில் மிகுதியுமான இரிடியம் என்ற உலோகம் மிகுந்திருந்ததைக் கொண்டு புவியியலாளர் வால்டர் ஆல்வாரெஸ் குழுவினர் 1980இல் விண்கல் மோதலை ஊகித்த வரலாறோ, அந்த வருணனையைவிடப் பரபரப்பானது. பதின்வயதினருக்கு வாங்குவோர் இந்நூலை முதலில் தரலாம்; சிங்கின் நூலைத் தாளும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் (முழு எண்களின் பின்னமாக எழுத முடியாதது) என்பதற்கான நிரூபணம் உள்ள பின்னிணைப்பிலிருந்து தொடங்கினாலும் தவறில்லை.