யாழில் ஒரு தனியார் ஐ.சி.யூ: செப்சிஸ் வந்த மாமியைப் பார்த்த விதம்

வைத்தியம் நல்லது, விளக்கம் அதைவிட நல்லது, பில்லும் பார்மசியும் சரியில்லை. குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. யாழ் நகரத்துக்குள்தான் இருக்கிறது.

மாமிக்குக் கனகாலமாகச் சீனி வருத்தம், காலில் ஒரு புண். காய்ச்சல் வந்து, கதை தடுமாறி, பிரஷர் இறங்கித்தான் கொண்டுபோனோம். அதுதான் செப்சிஸ், கிருமித்தொற்று முத்தி உறுப்புகளைக் கெடுக்கிற நிலை. முதலில் காசைக் கட்டுங்கோ என்று வாசலில் நிற்பாட்டவில்லை. எந்தக் கிருமி என்று பார்க்க இரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்த கையோடு அன்டிபயோட்டிக், சேலைன், அதுக்கும் பிரஷர் ஏறாததால் அதை ஏற்றுகிற நோர்அட்ரினலின் மருந்து, அன்றிரவே புண்ணை வெட்டித் துப்புரவாக்கல் என்று எல்லாம் மளமளவென்று நடந்தது. இப்படிப் பிரஷர் விழுந்து ஷொக்கில் வருகிற செப்சிஸுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக் போக வேண்டும் என்பதுதான் சர்வதேச வழிகாட்டல், அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் நான் புள்ளி போடுவது அதுக்குப் பிறகு நடந்ததுக்கு. பிரஷர் நின்று, காய்ச்சலும் விட்ட பிறகு, இனி வார்ட்டுக்கு மாத்துவார்கள் என்று நாங்கள் நினைத்திருக்க, டொக்டர் கூப்பிட்டு இருத்திக் கதைத்தார். "தம்பி, காவல் நாய் விடியவிடியக் குரைச்சுக் களைச்சுப் படுத்திட்டுது, இனிக் கள்ளன் வந்தாலும் எழும்பாது. இப்பதான் கவனமா இருக்கவேணும்." நாய் என்று அவர் சொன்னது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை.

செப்சிஸில் உறுப்புகளைக் கெடுப்பது கிருமி மட்டுமில்லை, கட்டுப்பாடு இழந்த நம்முடைய எதிர்ப்புச் சக்தியும்தான். 2016-இல் வந்த வரைவிலக்கணமே அதைத்தான் சொல்கிறது. அந்த ஆர்ப்பாட்டம் நடக்கும்போதே மறுபக்கத்தில் கிருமியோடு சண்டை பிடிக்கிற வெள்ளணுக்களான ரி-செல்கள் கூட்டம் கூட்டமாகத் தாமாகவே அழிகின்றன. மிஞ்சியவற்றின் மேல் பி.டி-1 என்ற பிரேக் ஏறிவிடுகிறது, அவை இருந்தும் வேலை செய்யாது. மொனோசைற்றுகள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் கிருமியின் துண்டை ரி-செல்லுக்குத் தூக்கிக் காட்டப் பயன்படுத்துகிற எச்.எல்.ஏ-டி.ஆர் என்ற புரதம் குறைந்துபோகிறது. செப்சிஸில் இறந்தவர்களின் மண்ணீரலையும் நுரையீரலையும் உடனேயே எடுத்துப் பார்த்து 2011-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், அந்தச் செல்களைத் தூண்டிவிட்டும் அவை மற்றச் செல்களுக்குச் செய்தி சொல்கிற சைற்றோகைன்களைச் சொற்பமாகவே சுரந்தன. சுகதேகியை ஒன்றும் செய்யாத அசினற்றோபக்டர் பக்டீரியா, கன்டிடா பூஞ்சணம், உடம்பில் ஒளிந்திருந்த சி.எம்.வி. வைரஸ் எல்லாம் தலைதூக்குவது இந்தக் கட்டத்தில்தான்.

எச்.எல்.ஏ-டி.ஆர் பார்க்கிற ரெஸ்ற் இங்கே செய்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை, செய்தாலும் இப்போதைக்கு மருந்து மாறாது என்றார். எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பப் பார்க்கிற காமா இன்டர்ஃபெரோன், ஜி.எம்-சி.எஸ்.எஃப் போன்ற மருந்துகள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன, வழக்கமான வைத்தியமாகவில்லை. விலைகூடிய ஊசி ஒன்றைப் போட்டு பில்லில் ஏற்றாதது பெரிய விஷயம். அதுக்குப் பதிலாக சாதாரண இரத்தப் பரிசோதனையில் லிம்போசைற் (ரி-செல்லும் சேர்ந்த வெள்ளணு வகை) எண்ணிக்கை ஏறுகிறதா என்று நாளாந்தம் பார்த்தார்கள் (தொடர்ந்து குறைவாகவே நின்றால் நல்ல குறியில்லை), கழுத்து லைனையும் சலக் குழாயையும் தேவை முடிந்ததும் கழற்றினார்கள், கை கழுவாமல் ஒருவரையும் கட்டிலடிக்கு விடவில்லை. இருமிக்கொண்டு வந்த சித்தப்பாவை வாசலில் நின்ற மிஸ் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார், அவருக்கு இன்னும் கோபம். நல்லூர் விபூதியைப் பூச விட்டார்கள், பூவுக்கு அனுமதியில்லை.

சரி, இனிக் குறை. பில்லை விபரமாகத் தா என்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது, கையுறைக்கும் கவுணுக்கும் தனித்தனியாகக் காசு. வீட்டுக்கு விடுகிற அன்று பார்மசிப் பெடியன் "எதிர்ப்புச் சக்திக்கு நல்லது" என்று ஒரு புரத மாப் பேணியை மருந்துப் பையோடு சேர்த்து வைத்துவிட்டான், டொக்டர் எழுதவே இல்லை. களைத்துப்போன ரி-செல்லை எந்தப் பேணியும் எழுப்பாது, அதுவும் சிறுநீரகம் தேறிக்கொண்டிருக்கிற ஆளுக்குப் புரதத்தைக் கேட்காமல் கொடுப்பதா? திருப்பிக் கொடுத்தோம்.

அதைவிடப் பெரிய குறை, டிஸ்சார்ஜ் துண்டு முழுக்க ஆங்கிலம். செப்சிஸில் தப்பினவர்களுக்கு அடுத்த சில மாதங்களுக்குள் திரும்பவும் கிருமித்தொற்று வந்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வருவது சாதாரணம். காய்ச்சல், குளிர் நடுக்கம், மூச்சு வாங்கல், தடுமாற்றம், சலம் குறைதல், இதில் ஒன்று கண்டாலும் உடனே வாருங்கோ என்று தமிழில் நாலு வரி அடித்துக் கொடுக்க எவ்வளவு நேரம் செல்லும்? ஃப்ளூ, நிமோகொக்கல் (நிமோனியாக் கிருமி ஒன்று) தடுப்பூசி பற்றியும் நாங்கள் கேட்டபிறகுதான் சொன்னார்கள்.

ஐ.சி.யூவுக்கு ஐந்துக்கு நாலரை, பார்மசிக்கு ஒன்று. மோட்டார்சைக்கிள் விட இடமில்லை, ஓட்டோவில் போங்கோ. கன்டீனில் தேத்தண்ணி குடிக்கலாம், வடை வேண்டாம்.